ஹெர்கிமர் படிகங்களை இனங்காணுதலும் மதிப்பிடுதலும்: புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஹெர்கிமர் மாவட்டத்தில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் பழமையான டோலமைட் பாறையின் பொந்துகளுக்குள் சிறிய குவார்ட்ஸ் படிகங்கள் கிடைக்கின்றன. 'ஹெர்கிமர் வைரம்' என்று விற்கப்பட்டாலும் இவை வைரம் அல்ல. நாம் மாலையாகக் கோக்கும் ஸ்படிகத்தின் அதே கனிமம்தான். பாறைச் சுவரில் ஒட்டி வளரும் படிகத்துக்குப் பொதுவாக ஒரு புறம் மட்டுமே கூர்முனை அமையும்; இவற்றில் பலவற்றுக்கு இரு புறமும் முனை உண்டு. சோதனைகளைக் கல்லுக்குத் தீங்கு செய்யாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: தூய்மை செய்தல். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். உள்ளே நீர் அடைபட்ட படிகங்கள் திடீர் வெப்பத்தில் வெடித்துவிடக்கூடும் என்பதால் கொதிநீரைத் தவிர்க்கவும். படிகம் தான் வளர்ந்த தாய்ப்பாறையோடு இருந்தால் அமிலம் பக்கமே போகாதீர்கள். குவார்ட்ஸ் தாங்கினாலும் டோலமைட் அரிக்கப்பட்டுவிடும்.

படி 2: வடிவத்தைப் படித்தல். என் மதிப்பீட்டில் இதுவே மிக முக்கியமான படி. நன்கு அமைந்த ஹெர்கிமர் படிகத்தில் நடுவே ஆறு பட்டக முகங்களும் (நீளவாக்கில் அமைந்த பக்க முகங்கள்), ஒவ்வொரு முனையிலும் ஆறு சாய்ந்த முகங்களுமாக 18 முகங்கள் இருக்கும். முகங்களின் பரப்பு ஒன்றுபோல் இராது. ஒன்று அகன்றும் அடுத்தது குறுகியும் இருக்கலாம். ஆனால் அடுத்தடுத்த பட்டக முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் எப்போதும் 120 பாகையே. கோணங்களின் இந்த மாறாமையை டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் வெளியிட்டார். தடித்த அட்டையில் 120 பாகை அளவில் ஒரு வெட்டு வெட்டி, படிகத்தின் விளிம்பில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி வழியே ஒளி கசியாவிட்டால் கோணம் சரி. பட்டக முகங்களில் வரிகள் தெரிந்தால் அவை படிகத்தின் நீளத்துக்குக் குறுக்கே ஓட வேண்டும். புஷ்பராகத்தில் அவை நீளவாக்கில் ஓடும்.

படி 3: அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் முதலில் படிகத்தை எடைபோடுங்கள். பிறகு நீர் நிரம்பிய கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, படிகத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுமையாகத் தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 5.30 கிராம் படிகத்துக்குத் தராசு 2.00 காட்டினால் விடை 2.65, குவார்ட்ஸின் அளவு அதுதான். புஷ்பராகம் 3.5 அளவிலும், சாதாரணக் கண்ணாடி 2.5 அளவிலும் இருக்கும். கால்சைட் என்னும் மென்மையான கனிமத்தின் 2.71 மிக நெருங்கி வருவதால் அடர்த்தியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரு கிராமுக்குக் குறைந்த படிகத்தில் தராசின் சிறு பிழையே விடையைப் புரட்டிவிடும்; வடிவத்தில் தேறிய சிலவற்றை ஒன்றாகக் கட்டி அளப்பது நல்லது.

படி 4: கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, கண்ணாடியைக் கீறும். கால்சைட் 3 மட்டுமே. இச்சோதனையை உடைந்த துணுக்கில் மட்டும் செய்யுங்கள். நல்ல முனையைக் கண்ணாடியில் உரசுவது அதன் விலையை நீங்களே குறைப்பதாகும்.

படி 5: லென்ஸால் பார்த்தல். 10 மடங்கு லென்ஸில் உருண்டையான காற்றுக் குமிழிகள் திடப்பொருளுக்குள் தனித்தனியே மிதப்பதுபோல் தெரிந்தால் கண்ணாடியெனச் சந்தேகிக்கவும். சாதாரண ஸ்படிகத்தை ஹெர்கிமர் வடிவில் பட்டை தீட்டியும் விற்கிறார்கள்: அவற்றின் முகங்களில் வளர்ச்சித் தடங்கள் இரா, விளிம்புகள் சற்றே மழுங்கியிருக்கும், அட்டையின் கோணமும் பொருந்தாமல் போகலாம்.

படி 6: மதிப்பிடுதல். முதலில் முனைகளைப் பாருங்கள். இரு முனைகளும் சிதையாமல் இருப்பதே விலையின் அடித்தளம். முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலும் சேகரிப்பாளர் தயங்குவார். அடுத்தது தெளிவு. ஹெர்கிமரில் சிறியவையே பெரும்பாலும் நீர்போலத் தெளிந்திருக்கும், பெரியவற்றில் மங்கலும் விரிசலும் கூடும்; ஆகவே சிறிய படிகத்தில் மங்கல் பெரும் குறை, பெரிய படிகத்தில் தெளிவு அரிய சிறப்பு. உள்ளே உள்ள கரிய கரிமத் துகள்கள் தெளிவைக் குறைத்தாலும் இவ்விடத்துக்கே உரிய அடையாளம் என்று விரும்புவோர் உண்டு. உள்ளே அடைபட்ட நீரில் நகரும் குமிழி கொண்டவை தனியாக மதிக்கப்படுகின்றன. தாய்ப்பாறையில் அமர்ந்த படிகத்துக்கு விலை கூடும் என்பதாலேயே பசையால் ஒட்டுவதும் நடக்கிறது. பல பசைகள் புற ஊதா விளக்கில் ஒளிர்வதால், படிகம் பாறையைத் தொடும் இடத்தை அவ்விளக்கில் சோதிக்கவும். விலையை ஒப்பிடும்போது விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, அதே அளவும் தரமும் ஊரும் கொண்ட கற்கள் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள்.

படி 7: சீட்டு எழுதுதல். இரு முனைப் படிகங்கள் பாகிஸ்தானிலும் சீனாவிலும் கிடைக்கின்றன. ஊர்ப்பெயர் உறுதியாகாத கல்லை ஹெர்கிமர் விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. எடை, நீளம், கிடைத்த இடம், யாரிடமிருந்து எப்போது பெற்றது ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, படிகத்தோடு அதே பெட்டியில் வையுங்கள். பழைய சீட்டு ஏற்கெனவே இருந்தால் அதை எறியாமல் புதியதோடு சேர்த்தே வையுங்கள்.