சாலைக் காருக்கு ஏற்ற டர்பைன் சக்கரமும் ஹவுசிங்கும்: தேர்ந்தெடுக்கும் முறை

டர்போ மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் அளவைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் எஞ்சின் எந்தச் சுற்றில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) விழித்துக்கொள்ளும், உச்சச் சுற்றில் எங்கே மூச்சு முட்டும் என்பவற்றைப் பெரிதும் முடிவு செய்வது, அதே தண்டின் மறுபுறத்தில் எஞ்சின் புகையின் சூட்டில் சிவந்து சுழலும் டர்பைன்தான். ஆகவே இந்த வழிகாட்டி டர்பைன் பக்கத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வது, சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் பலர் ஓட்டிக்கொண்டிருக்கும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ கார்.

முதலில் செய்ய வேண்டிய வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. உங்கள் கார் ஒரு நாளின் பெரும்பகுதியை எந்தச் சுற்றில் கழிக்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு 90 கி.மீ. என் காரில் ஐந்தாம் கியரில் அந்த வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2,700 சுற்றில் ஓடுகிறது. புக்கிட் தீமா சாலையின் விளக்குகளுக்கு இடையில் 3,500ஐத் தாண்டும் நேரம் மிகக் குறைவு. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு ஆண்டுக்கு இரு முறை போவதற்காக 4,500 சுற்றில் விழிக்கும் டர்பைனைப் பொருத்திக்கொண்டால், எஞ்சிய நாட்களெல்லாம் டர்போ இல்லாத காரை ஓட்டுவதாகத்தான் ஆகும்.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது இங்கே அவசியம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் குறிப்பிட்ட சுற்றுக்குக் கீழே பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) எழாது; அது பூஸ்ட் தொடங்கும் எல்லை. அந்த எல்லைக்கு மேலே இருக்கும்போது மிதித்தும் பூஸ்ட் வரச் சற்று நேரமாகும். அதுதான் டர்போ லேக். முதலாவதைப் பெரிதும் ஆள்வது, வருகிற புகையின் அளவுக்கு டர்பைனும், அதைச் சூழ்ந்து புகையைப் பாய்ச்சும் உறையான ஹவுசிங்கும் எவ்வளவு பெரியவை என்பது. இரண்டாவதில் சக்கரத்தின் சுழல் நிறைக்கு, அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மைக்கு, பெரும் பங்குண்டு. ஹவுசிங்கைச் சிறிதாக்கி முதலாவதை ஓரளவு சரிசெய்யலாம். கனமான சக்கரத்தை மட்டும் எந்த ஹவுசிங்காலும் இலேசாக்க முடியாது.

எனவே சக்கரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். டர்பைனில் புகை பெரிய விட்டத்தின் வழியாக நுழைந்து சிறிய விட்டத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறியதைப் பெரியதால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 100ஆல் பெருக்கினால் வருவது ட்ரிம். காரெட் நிறுவனத்தின் ஜிடி28 வரிசையில் பரவலாகக் காணப்படும் சக்கரத்தின் பெரிய விட்டம் 53.9 மி.மீ., ட்ரிம் 76. ஆகவே வெளியேறும் வாய் 47 மி.மீ. ஜிடி30 வரிசையில் 60 மி.மீ., ட்ரிம் 84. வாய் 55 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஆறு மி.மீ.தான் வித்தியாசம், பெரிதாகத் தோன்றாது. ஒரே வடிவமும் ஒரே உலோகமும் உள்ள சக்கரங்களில் சுழல் நிறை விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக உயர்வதால், அந்த ஆறு மி.மீ. ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் சுமையாகிறது. மிட்சுபிஷி லான்சர் எவோ காரின் சில வகைகளில் டைட்டானியம் அலுமினைடு சக்கரம் வந்ததன் நோக்கமும் இதே சுமையைக் குறைப்பதுதான். அதன் அடர்த்தி, வழக்கமான நிக்கல் கலப்புலோகத்தின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதி.

அப்படியானால் சிறிய சக்கரத்தையே எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. 71 மி.மீ. கம்ப்ரசரை 53.9 மி.மீ. டர்பைனால் சுழற்றும் ஜிடி2871ஆர் போன்ற டர்போ சாலையில் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சச் சுற்றிலோ புகை வெளியேற வழியின்றி எஞ்சினையே பின்னுக்குத் தள்ளும். 300 குதிரைத்திறன் வரை போதும் என்பவர்களுக்கு 54 மி.மீ. அளவுச் சக்கரமே சரி என்பது என் கருத்து. 400ஐ எட்ட விரும்புபவர்கள் 60 மி.மீ. அளவையும் அதனோடு வரும் தாமதத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊகத்தைத் தவிர்க்க ஒரு கணக்குப் போடலாம். பத்துக் குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு காற்று என்பது நடைமுறை மதிப்பீடு. 300க்கு 30 பவுண்டு. காற்றும் எரிபொருளும் 11.5க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் 2.6 பவுண்டு பெட்ரோல் சேர்ந்து புகை 32.6 பவுண்டு ஆகிறது. டர்போ தயாரிப்பாளர் தரும் டர்பைன் வரைபடத்தில் இருப்பது திருத்திய ஓட்டம், அதாவது ஒரு குறிப்பு வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிய ஓட்டம் என்பதால், இதை வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அழுத்த விகிதத்தால் வகுக்க வேண்டும். புகை 900 டிகிரி செல்சியஸ், அதாவது 1,173 கெல்வின். குறிப்பு வெப்பநிலை 288 கெல்வின். டர்பைனுக்கு முன்னால் முழு அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து) 2.5 பார் என்று வைத்தால், விடை ஏறத்தாழ 26.7. மிகுதிப் புகையை டர்பைனைத் தொடாமல் விலக்கும் வேஸ்ட்கேட் என்ற கதவு வழியாகக் கால் பங்கு விலகிப் போகும் என்று கழித்தால் 20. டர்பைனுக்குப் பின்னால் 1.1 பார் இருக்குமானால், முன் அழுத்தத்தைப் பின் அழுத்தத்தால் வகுத்து வரும் விரிவு விகிதம் 2.3க்குச் சற்றுக் குறைவு. வரைபடத்தில் அந்த இடத்தில் 20 பவுண்டைத் தொடும் வளைகோடு எந்த ஹவுசிங்குக்குரியதோ அதுவே உங்கள் தொடக்கத் தெரிவு. வரைபடத்தின் ஓரத்தில் வேறு குறிப்பு வெப்பநிலை அச்சிடப்பட்டிருந்தால் அதையே கணக்கில் போடுங்கள்.

ஹவுசிங்கில் பொறித்திருக்கும் ஏ/ஆர் எண், நத்தை ஓடுபோன்ற பாதையின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்தக் குறுக்குவெட்டின் மையத்திலிருந்து தண்டின் மையம் வரை உள்ள தூரத்தால் வகுத்து வருவது. சிறிய எண் புகையை வேகமாகவும் சக்கரத்தின் சுற்றுத் திசையிலும் பாய்ச்சும். பெரிய எண் தளர்த்திவிடும். பரப்பைத் தூரத்தால் வகுப்பதால் இந்த எண்ணுக்கு அலகு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், 0.63, 0.82 என்பவை அங்குலக் கணக்கு. மிட்சுபிஷி டர்போக்களில் 9.8, 10.5 என்று இருப்பதோ சதுர சென்டிமீட்டரில் சொல்லப்படும் பரப்பு. ஆகவே ஒரே வரிசையின் ஹவுசிங்குகளுக்குள் மட்டுமே எண்ணை எண்ணோடு ஒப்பிடலாம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு 60 மி.மீ. சக்கரத்துக்கு 0.82 ஹவுசிங்கைப் பொருத்தினேன். முழு பூஸ்ட் 4,300 சுற்றில்தான் வந்தது. தீவு விரைவுச்சாலையில் இணையும்போது பின்னால் வரும் லாரிதான் என்னைவிட அவசரத்தில் இருந்தது. அதே சக்கரத்துக்கு 0.63 மாற்றிய பின் 3,700க்கு இறங்கியது. உச்சத்தில் கொஞ்சம் சக்தி குறைந்தது உண்மை. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

சக்கரத்தை மட்டும் மாற்றிப் பழைய ஹவுசிங்கைப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹவுசிங்கின் உட்புற வளைவு அந்தச் சக்கரத்துக்கென்றே கடையப்பட்டது. ட்ரிம் மாறினால் இடைவெளி கூடிப் புகை வீணாகும், அல்லது இறக்கை சுவரில் உரசும். அளவெடுத்துக் கடைந்து, சுழலும் பாகங்களை மறுபடி பேலன்ஸ் செய்தே பொருத்த வேண்டும். இரட்டைப் பாதை ஹவுசிங் வாங்கினால், சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் 1, 4 சிலிண்டர்கள் ஒரு பாதைக்கும் 2, 3 மற்றொன்றுக்கும் போகும்.

வேலையைத் தொடங்கும் முன், டர்போ மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை என்பதை மனத்தில் வையுங்கள். பத்து ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒப்புதல் இல்லாத வேலையை அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பொருத்தியபின் பூஸ்ட் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மேனிஃபோல்டில், டர்பைனுக்குச் சற்று முன்னால் துளையிட்டு மரையிட்டு, ஓரடி நீளத்துக்கு மெல்லிய எஃகுக் குழாயைச் சுருளாக வளைத்துப் பொருத்துங்கள். அந்தச் சுருளில் சூடு தணிந்த பிறகே ரப்பர் குழாயும் அழுத்தமானியும் தாங்கும். சாலையில் இதைச் செய்யாமல், டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) மூன்றாம் அல்லது நான்காம் கியரில் முழு மிதியில் பூஸ்ட், மேனிஃபோல்டு ஆகிய இரு அழுத்தங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். பூஸ்ட் 1 பார் இருக்கும்போது மேனிஃபோல்டில் 1.5 பாருக்குள் இருந்தால் சாலைக் காருக்கு நல்ல பொருத்தம். 2 பாரைத் தாண்டினால் ஹவுசிங் தேவையைவிட ஒரு படி சிறியது. நம் ஊரின் 32 டிகிரிச் சூட்டில் அந்த எஞ்சின் 98 ஆக்டேன் பெட்ரோலிலும் நாக் அடிக்க, அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிய, தயாராக இருக்கும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்து, பூஸ்ட் தாமதமாக வருகிறது என்றால், ஒரு படி சிறிய ஹவுசிங்குக்கு இன்னும் இடம் இருக்கிறது. அளவெடுத்து முடிந்ததும் அந்தத் துளையை எஃகு மரைமூடியால் அடைத்து, அடுத்த சர்வீஸில் கசிவின் கருந்தடம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.