பழைய செங்கல் வீட்டின் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய செங்கல் வீட்டின் வரலாற்றை எழுத முனைவோர் பலரும் செய்யும் முதல் தவறு, கண்ணில் படும் ஆண்டையே வீடு முழுவதற்கும் உரிய ஆண்டாகக் கொள்வது. தென்மேற்கு இலண்டனில் கியூ தோட்டத்துக்குள் நிற்கும் கியூ அரண்மனையின் வாசலுக்கு மேல், 1631 என்ற ஆண்டும், அதைக் கட்டிய வணிகர் சாமுவேல் ஃபோர்ட்ரி, அவர் மனைவி கேத்தரின் ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் நிலவறைக்கு இறங்கினால், அங்குள்ள வளைகூரை அதே இடத்தில் 16ஆம் நூற்றாண்டில் இருந்த முந்தைய வீட்டின் எச்சம். அதற்காக முழு வீட்டையும் அந்நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர்களின் காலத்ததாக எழுதுவதும் பிழையே. மேலே தெரியும் சுவர்களும் வளைந்த முகடுகளும் ஃபோர்ட்ரி எழுப்பியவை.

செங்கல் அடுக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. இந்த வீட்டின் முகப்பில் ஒவ்வொரு வரியிலும் கல்லின் நீளப்பக்கமும் குறுக்குமுனையும் மாறி மாறி வருகின்றன. பிளெமிஷ் பாண்டு எனப்படும் இந்த அடுக்குமுறை அன்றைய இங்கிலாந்துக்குப் புதிது; அதற்கு முன்பு பெரிதும் வழக்கில் இருந்த இங்கிலீஷ் பாண்டில் ஒரு வரி முழுவதும் நீளப்பக்கம், அடுத்த வரி முழுவதும் குறுக்குமுனை. எனினும், அடுக்குமுறை சொல்வது அந்த முகப்பின் காலத்தை மட்டுமே. இங்கிலாந்தில் மரச்சட்ட வீடுகளுக்குப் பிற்காலத்தில் செங்கல் முகப்பு கட்டிய வழக்கம் பரவலாக இருந்ததால், கூரையின் உட்புற மரங்களையும், சுவரின் தடிமன் திடீரென மாறும் இடங்களையும், செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் நேர்க்கோட்டில் பிரியும் இணைப்புகளையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

நிறமும் சாளரங்களும் ஏமாற்றும். கியூவில் இன்று காணும் அடர்சிவப்பு, செங்கல்லின் இயல்பான நிறமன்று. அண்மைக் காலப் புதுப்பிப்பில் பூசிய காவி கலந்த சுண்ணாம்பு. மேலும் கீழுமாக நகரும் சாளரங்களும் 1631க்குப் பிற்பட்டவை.

ஆவணங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அரச குடும்பம் பயன்படுத்திய வெள்ளை மாளிகை என்ற இன்னொரு வீடு இதன் அருகிலேயே நின்று, 1802இல் இடிக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய கணக்கொன்றில் கியூ என்று மட்டும் இருந்தால், எந்த வீடு என்று உறுதிசெய்யாமல் அதிலுள்ள பழுதுபார்ப்புச் செலவை இந்தச் சுவர்களின் கணக்கில் எழுதக் கூடாது.