பருத்தி நூலில் ஒரு மார்கழிக் குல்லா

மார்கழி ஞாயிறுகளில் விடியும் முன்னே அப்பா மீன் வாங்கக் காசிமேடு கிளம்பிவிடுவார். தலையில் கம்பளி மங்கி குல்லா. திரும்பி வரும்போது குல்லா கையில் இருக்கும், நெற்றி வியர்த்திருக்கும். நம்ம வடசென்னைக் குளிருக்குக் கம்பளி கொஞ்சம் அதிகம்தான், பருத்தியே போதும்.

ஆனால் பருத்தியை இழுத்துவிட்டால் கம்பளி மாதிரி பழையபடி சுருங்காது. கம்பளிக்கான அளவில் நான் பின்னிய முதல் குல்லாவை ஈரத்தோடு மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். அடுத்த வாரம் அது அப்பாவின் மூக்கு வரை இறங்கியது. நூலில் இல்லாத இழுவையைப் பின்னலில்தான் கொண்டுவர வேண்டும். ஊசியில் மாட்டும் வளையத்தைத்தான் கண் என்கிறோம். எல்லா வரிசையும் வெறும் நிட் கண்ணாகவே, அதாவது கீழே சொல்லும் சாதாரணப் பின்னலாகவே பின்னினால் மேடும் பள்ளமுமாக வரும், நீளவாக்கில் ஸ்பிரிங் போல விரியும். அந்த நீளத்தையே தலையைச் சுற்றி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதாவது, நீளமான ஒரு பட்டையைப் பின்னி, குழாயாகத் தைத்து, உச்சியைச் சுருக்கப்போகிறோம்.

பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் கடைகளில் 7-ம் நம்பர் பின்னல் ஊசி ஒரு ஜோடி கேளுங்கள், அது 4.5 மி.மீ. மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது, பருத்தி வழுக்காது. நடுத்தரத் தடிமனில், பளபளப்பில்லாத பருத்தி நூல் 150 கிராம் வாங்குங்கள். கொஞ்சம் மிஞ்சும். சணல் வேண்டாம், நெற்றியை அறுக்கும்.

சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள், அதுதான் முதல் கண். வலது ஊசியைக் கண்ணின் முன்பக்கமிருந்து உள்ளே குத்தி, நூலை அதன் முனையில் சுற்றி, அந்தச் சுற்றைக் கண் வழியாக வெளியே இழுங்கள். வந்த வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டினால் இரண்டாவது கண். முதலில் ஒரு மாதிரித் துண்டுக்காக இப்படியே 20 கண் போடுங்கள்.

இனி நிட் பின்னல். அதே குத்து, சுற்று, இழு. ஆனால் இப்போது புது வளையம் வலது ஊசியில் தங்கும், பழைய கண்ணைக் கழற்றிவிட வேண்டும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றுங்கள். 10 செ.மீ. உயரம் பின்னி, நனைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். 20 கண் சுமார் 11 செ.மீ. அகலம் இருந்தால் சரி, குறைந்தால் பெரிய ஊசி. இந்த மாதிரித் துண்டைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நானும் தவிர்த்தேன், மூக்குக் கதை தெரியுமே.

அப்புறம் குல்லாவுக்கு 40 கண். தலைச்சுற்று 56 செ.மீ. என்றால், இழுக்காமல் அளந்து 50 செ.மீ. வரும்வரை பின்னுங்கள். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு 40 கண் எப்படியோ 43 ஆகிவிடும். வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலே ஏறிப் போனால் முதல் கண் இரண்டாகத் தெரியும். நூலை ஊசிக்கு அடியில் கொண்டுபோங்கள்.

சின்ன வயதில், பட்டாளம் பின்னி மில்லில் பின்னல் வேலைதான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். பின்னி என்பது கம்பெனியின் பெயர், உள்ளே நடந்தது நெசவு. நெசவில் நூல்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். நம் பின்னலில் ஒரே நூல் கண்ணுக்குள் கண்ணாகப் போகிறது. அதனால் ஒரு கண் நழுவினால் அடி வரைக்கும் அவிழும். நழுவியது தெரிந்த உடனே சேஃப்டி பின்னில் மாட்டிவிட்டு, பிறகு நிதானமாகப் பாருங்கள்.

முடிக்கும்போது இரண்டு கண் பின்னி, முதலாவதை இரண்டாவதின் மேலே தூக்கி விடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தூக்குங்கள். தளர்வாக இருக்கட்டும். பட்டையின் ஆரம்ப ஓரத்தையும் முடிவு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் குழாய். ஒரு வாயின் விளிம்பில் மேடு விட்டு மேடு நூலைக் கோத்து, இறுக்கிச் சுருக்கி, இன்னொரு சுற்று ஓட்டி உள்ளே முடிச்சுப் போடுங்கள்.

துவைத்தால் முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாய் மேல் பரப்பிக் காயவையுங்கள். கொடிப் பக்கமே போகாதீர்கள்.