மாற்றியமைத்த எஞ்சின் ஃபிளட் ஆகி ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் காரில் எஞ்சின் ஃபிளட் ஆவது, அதாவது பெட்ரோலில் நனைந்து நின்றுபோவது, அரிது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் இளைஞர்கள் ஆசையாக வைத்திருக்கும் பழைய புரோட்டோன் இஸ்வாரா கார்களின் கதை வேறு. காபரேட்டருடன் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வந்த 4ஜி13 எஞ்சினை எடுத்துவிட்டு, ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் கடை) வாங்கிய 4ஜி93 எஞ்சினை இறக்கி, ஒரு காரின் இன்ஜெக்டரும் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) இன்னொரு காரின் பம்ப்பும் தனி ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்தும்போது, ஒன்றுக்கொன்று பழக்கமில்லாத பாகங்கள் ஒரே எஞ்சினில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் எது ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதுமே பெட்ரோல்தான் அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்பார்க் பிளக்கில் தாவும் மின்பொறி பலவீனமாக இருந்தால், சரியான அளவில் வந்த பெட்ரோலும் எரியாமல் தேங்கி அந்த பிளக்கை நனைத்துவிடும். ஆகவே முதலில் பொறி, பிறகு பெட்ரோல், கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) என்ற வரிசையில் பார்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 1: சாவியைத் திருப்புவதை நிறுத்துங்கள்

எஞ்சினை விடாமல் சுற்றினால் நிலைமை மோசமாகும். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்குகள் காற்றைப் பிடித்து நிறுத்தாது. ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தளர்ந்துபோகும். பல தனி ஈசியூக்கள் சாவியை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி பெட்ரோலை முன்கூட்டியே தெளிக்கும் என்பதால், சாவியை ஆன், ஆஃப் என்று திருப்பிக்கொண்டிருப்பதே எஞ்சினை நனைக்கப் போதும். பானட்டைத் திறந்து வைத்து ஆவி கலையும் வரை காத்திருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். ஆகவே சமையல் அடுப்பும் சாமி விளக்கும் எரியும் வீட்டு வாசலை ஒட்டி இந்த வேலையைச் செய்யாதீர்கள். தீயணைப்புக் கருவி ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படி 2: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

செம்மண் சாலையில் ஓடும் காரில் பிளக் குழிகளைச் சுற்றித் தூசி படிந்திருக்கும். அதை ஊதி அகற்றிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் மண் நேராக சிலிண்டருக்குள் விழும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் சீல் கசிகிறது என்று பொருள். அந்த எண்ணெய் பிளக் வயரின் ரப்பரை ஊறவைத்து, பொறியைப் பக்கவாட்டில் கசியவிடும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படியே ஒரு துணிமேல் வையுங்கள். வெள்ளைப் பீங்கான் பளபளவென்று ஈரமாக இருந்து, விரலில் தொட்டதும் குளிர்ச்சியாக ஆவியாகிப் பறந்தால் அது பெட்ரோல். வழவழப்பாக ஒட்டினால் எஞ்சின் எண்ணெய். உலர்ந்த கரியாக இருந்தால், பெட்ரோல்-காற்றுக் கலவை பல நாளாகவே செறிவாக, அதாவது பெட்ரோல் மிகுந்து, ஓடியிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் கோளாறு பொதுவான இடத்தில், அதாவது சென்சார், பெட்ரோல் அழுத்தம், ஈசியூ ஆகியவற்றில் இருக்கக்கூடும். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையும் வயரையும் முதலில் சந்தேகியுங்கள்.

பிளக் எண்ணையும் படியுங்கள். என்ஜிகே பிளக்குகளில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகையாகும், அதாவது சூட்டை விரைவாகக் கடத்திவிடும். வேகமாக ஓட்டுவதற்கென்று 6-க்குப் பதிலாக 8 போட்டுக்கொண்டு, தோட்டத்திலிருந்து பட்டணத்துக் கடைவீதி வரை மட்டுமே ஓட்டினால், கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சுமார் 450 டிகிரி வெப்பத்தை அந்த பிளக் எட்டாது. எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) இருப்பதை அது குறிக்கும். ரெசிஸ்டர் இல்லாத பிளக் கிளப்பும் மின் இரைச்சல், எஞ்சின் சுற்றுவதைத் தனி ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சிக்னலைக் குழப்பிவிடக்கூடும்.

படி 3: பொறியைச் சோதியுங்கள்

பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள்; இன்ஜெக்டர்களின் வயர் இணைப்புகளையும் கழற்றுங்கள். திறந்திருக்கும் பிளக் துளைகளிலிருந்து தள்ளி, பேட்டரி நெகட்டிவோடு நல்ல தொடர்புள்ள ஓர் இரும்புப் பாகத்தில், இடைவெளியைச் சரிசெய்யக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, உதவிக்கு ஒருவரை எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமும் வெள்ளையுமாகச் சடசடவென்று பாய்ந்தால் நல்லது. மெலிந்த ஆரஞ்சு நிறமாக இருந்தால், அது ஈர விறகில் தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம்.

அதே நேரத்தில் பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கோளாறு பேட்டரியிலோ கேபிளிலோ இருக்கலாம். எடையைப் பின்னால் தள்ளுவதற்காக பேட்டரியை டிக்கிக்கு மாற்றிவிட்டு, மெல்லிய கேபிளை முன்னே இழுத்துவந்திருக்கும் கார்களில் இதை அடிக்கடி காணலாம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே என்று ஏமாந்துவிடக்கூடாது. பொறியை உண்டாக்கும் காயிலுக்கும் ஈசியூவுக்கும் எஞ்சியிருக்கும் மின்சாரம் போதாமல் போயிருக்கும்.

படி 4: பெட்ரோல் ஏன் அதிகமாக வருகிறது?

இன்ஜெக்டர் எஞ்சினாக இருந்தால் ஈசியூவில் லேப்டாப்பை மாட்டி, கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் நீர்) வெப்பநிலையை முதலில் படியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அது காற்றின் வெப்பத்தையே காட்ட வேண்டும். நம் ஊரில் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி. அங்கே மைனஸ் 40 என்று நின்றால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது அல்லது அதன் இணைப்பு கழன்றிருக்கிறது. கடுங்குளிரில் நிற்கும் காரென்று நினைத்துக்கொண்டு ஈசியூ பெட்ரோலைக் கொட்டும். ஹாஃப்கட் வயரிங்கை வெட்டி ஒட்டிய கார்களில் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். சென்சாரைக் கழற்றி ஓம் மீட்டரில் பார்த்தால், நம் வெப்பநிலையில் பொதுவாக இரண்டாயிரம் ஓம் அளவிலும், 80 டிகிரியில் சில நூறு ஓம் அளவிலும் இருக்கும்.

அடுத்தது இன்ஜெக்டரின் அளவு. நிமிடத்துக்கு 240 சிசி தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் பதிலாக 450 சிசி மாட்டியிருந்தும் ஈசியூவில் கணக்கை மாற்றவில்லையென்றால், ஒவ்வொரு தெளிப்பிலும் கிட்டத்தட்ட 1.9 மடங்கு பெட்ரோல் போகும். ஈசியூவில் ஓடும்போதைய பெட்ரோல் அட்டவணையை மட்டும் சரிசெய்துவிட்டு, ஸ்டார்ட் செய்வதற்கான அட்டவணையை மறந்துவிடுவோரும் உண்டு. அந்தக் கார் தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஓடும், சாவியில் எழாது.

பிறகு பெட்ரோல் அழுத்தம். ஃபியூஸையும் இன்ஜெக்டர் வயர் இணைப்புகளையும் திரும்ப மாட்டி, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்) அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி சாவியை ஆன் செய்தால் பெரும்பாலான எஞ்சின்களில் 3 பார் அளவில் நிற்கும். சாவியை ஆஃப் செய்ததும் ஊசி சரசரவென்று இறங்கினால், இன்ஜெக்டரோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ பம்ப்பின் வால்வோ கசிகிறது. ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாஃபிரம் (உள்சவ்வு) கிழிந்துவிட்டது. மேலும் ஆராய வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள்.

காபரேட்டர் எஞ்சினில் வழி இன்னும் நேரடியானது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றாமல் மின் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, டார்ச் விளக்கடித்து காபரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். முனையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் ஊசி வால்வ் மூடவில்லை அல்லது மிதவை தாழவே நிற்கிறது. காபரேட்டருக்கு 3 அல்லது 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்டர் காரின் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை இணைத்தால் எந்த ஊசி வால்வும் தாங்காது. காற்றைக் குறைக்கும் சோக் தகடு மூடியபடி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் மாற்றும்போது ஆட்டோ சோக்கின் சுடுநீர்க் குழாயை அடைத்துவிட்டிருந்தால் அது திறக்கவே திறக்காது.

படி 5: நனைந்த எஞ்சினைக் காயவைத்து ஸ்டார்ட் செய்தல்

காரணத்தைச் சரிசெய்த பிறகே இதற்கு வாருங்கள். பம்ப் ஃபியூஸையும் காயிலின் வயர் இணைப்பையும் கழற்றி, பிளக் துளைகளைத் துணியால் மூடி, சில விநாடிகள் சுற்றித் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுங்கள். ஆவி கலைந்ததும் உலர்ந்த அல்லது புதிய பிளக்குகளை மாட்டி, கழற்றியவற்றை இணைத்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி ஐந்து விநாடிகள் சுற்றுங்கள். பல ஈசியூக்கள் இந்த நிலையில் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். தனி ஈசியூவில் இந்த வசதியை அமைத்திருக்க வேண்டும். காற்றுக் கதவான திராட்டிலின் நிலையைச் சொல்லும் சென்சார் முழு மிதிக்கு 100 சதவீதம் காட்டவும் வேண்டும். காபரேட்டர் காரில் மிதித்த காலை அசைக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் அது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும்.

படி 6: அப்படியும் எழவில்லையென்றால்

கம்ப்ரஷன் பாருங்கள். பெட்ரோலும் பொறியும் துண்டித்த நிலையில், பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து அளக்க வேண்டும். எல்லா சிலிண்டர்களும் குறைவாக இருந்து, ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டதும் ஏறினால், சுவர் கழுவப்பட்டிருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் டைமிங் பெல்ட்டின் குறிகளைச் சரிபாருங்கள். வால்வ்களை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் பொருத்திய எஞ்சினில் எண்கள் இயல்பாகவே குறையும். ஆகவே அளவைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே கவனியுங்கள்.

எஞ்சின் எழுந்தால் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ எண்ணெய் மட்டம் உயர்ந்திருந்தாலோ, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றாமல் சாலையில் இறக்க வேண்டாம். எழாமல் ஈப்போவிலுள்ள டியூனரிடம் காரை இழுத்துச் செல்ல நேர்ந்தால், பிளக்குகளின் படம், சுற்றும்போது காட்டிய வோல்ட், கூலண்ட் வெப்பநிலை, ரெயில் அழுத்தம், நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே பார்த்ததை மறுபடி பார்ப்பதற்கான கூலி மிச்சமாகும்.