கிளீனர் இறால் சாவது எப்படி நின்றது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுக் கடல்நீர் ரீஃப் தொட்டியில் மீனும் பவளமும் செழிப்பாக இருந்தன. மீன்மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்னும் கிளீனர் இறால் மட்டும் விட்ட மறுநாளே செத்துவிடும். கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். அப்புறம்தான் கடைப் பையிலிருந்த தண்ணீரை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன்: அடர்த்தி எண் 1.019. என் தொட்டியில் 1.026. மீன் மட்டும் வைக்கிற தொட்டிகளில் பல கடைகள் உப்பைக் குறைத்துத்தான் வைக்கின்றன. மீன் அந்தத் திடீர் மாற்றத்தை ஓரளவு தாங்கும், இறாலால் முடியாது.

இப்போது இறாலைப் பைத் தண்ணீரோடு சின்ன வாளியில் விடுகிறேன். தொட்டியிலிருந்து காற்றுக்குழாயை இறக்கி, அதில் முடிச்சுப் போட்டு இறுக்கினால் சலைன் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக விழும். நொடிக்கு இரண்டு சொட்டு போதும். வாளி நிறைந்தால் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும் சரி, உப்பு அளவு சமமாகும்வரை விடக்கூடாது. வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது. கடையில் மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்டிருந்தால் அது இறாலுக்கு விஷம்.

அக்னி நட்சத்திரத்தில் தொட்டியைக் குளிர்விக்க ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல.

காலையில் பாறையடியில் அசையாத இறாலைப் பார்த்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது உரித்த சட்டை. ஓடு இறுகும்வரை இறால் ஒளிந்திருக்கும்.