காக்டெயில் கிளி கடிக்குதா, கத்துதா? நாம என்ன பண்றோம்னும் கொஞ்சம் பாருங்க

எங்க வீட்ல ஜிலேபின்னு ஒரு காக்டெயில் இருக்கான், தலையில கொண்டை வச்ச சின்ன கிளி. மஞ்ச உடம்பு, கன்னத்துல ரெண்டு ஆரஞ்சு பொட்டு, எடை போட்டா 90 கிராம் தான் வரும். அந்த 90 கிராம் வந்த முதல் மூணு மாசம் வீட்ல இருக்க நாலு பேரையும் படுத்தி எடுத்துடுச்சு, கைய நீட்டுனா கடி, சாயங்காலம் ஆனா கத்தல், பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி வந்து "என்னம்மா கிளிக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேக்குற அளவுக்கு. அப்புறம் தான் தெரிஞ்சுது, இதுல பாதிக்கு மேல நாங்களே அவனுக்கு சொல்லிக்குடுத்தது.

விஷயத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்மூர் பச்சைக்கிளிய வீட்ல வளக்குறது 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம், பிடிக்கிறதும் விக்கிறதும் கூட. "எங்க தாத்தா வளத்தாரே"ன்னு சொன்னாலும் அதான். சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே மாதிரி வெளிநாட்டு கிளிங்க சைட்டிஸ் (அழியிற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) பட்டியல்ல வருது, 2024ல வந்த விதிப்படி அதையெல்லாம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். காக்டெயிலும், நாம லவ் பேர்ட்ஸ்னு கூப்பிடுற பட்ஜியும் அந்த பட்டியல்ல இல்ல, அதனால முதல் தடவ வளக்குறவங்களுக்கு இது ரெண்டும் தான் நிம்மதி.

வாங்கிட்டு வந்த முதல் வாரம் ஒண்ணும் பண்ணாதீங்க. நெசமா தான் சொல்றேன். கூண்ட ஹால்ல ஒரு பக்கம் சுவரு வர்ற மாதிரி, உங்க நெஞ்சு உயரத்துல வைங்க, பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிங்க, ஃபோன் பாருங்க, அவ்ளோ தான். நாங்க பண்ண தப்பு, வந்த அன்னைக்கே சொந்தக்காரங்க எல்லாம் கூண்டுக்குள்ள கைய விட்டு தொட்டு பாத்தது. அவனுக்கு கைன்னாலே பயம் வந்துடுச்சு, அத மாத்த ரெண்டு மாசம் ஆச்சு.

ட்ரெயினிங்குக்கு பெருசா ஒண்ணும் வேணாம், தினைக்கதிரும் ஒரு ஐஸ் குச்சியும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும். தினை உங்க கையில இருந்து மட்டும் தான் கிடைக்கணும், கூண்டுக்குள்ள கிண்ணத்துல எப்பவும் கிடந்தா அவன் எதுக்கு உங்ககிட்ட வரணும்? குச்சிய கம்பிக்கு வெளியில இருந்து மெதுவா காட்டுங்க. முதல்ல தலைய சாய்ச்சு ஒத்த கண்ணால பாப்பான், அப்புறம் ஒரு அடி முன்னாடி, ஒரு அடி பின்னாடி, கடைசில மூக்கால லேசா தொட்டு பாப்பான். தொட்ட அந்த செகண்ட் பேனாவ 'டக்'னு அமுக்கணும், உடனே தினை. 'டக்'னு கேட்டா சாப்பாடு வரும்னு புரிஞ்சுட்டா போதும், அப்புறம் குச்சி எங்க போகுதோ அங்க வருவான். ஜிலேபி நாலாவது நாளே கூண்ட சுத்தி வந்துட்டான், சில பறவைக்கு ரெண்டு வாரம் கூட ஆகும், அவசரப்படாதீங்க. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, அதுக்கு மேல வேணாம். அவன் போரடிச்சு திரும்பிக்கறதுக்கு முன்னாடி நாமளே முடிச்சுடணும். அதுக்காக பட்டினி போட்டு பழக்குறதெல்லாம் கூடாது, காலை சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ணா பசி தானா இருக்கும்.

கை மேல ஏத்துறது அடுத்தது. விரல அவன் காலுக்கு கொஞ்சம் மேல, அடி வயித்த ஒட்டுன மாதிரி வச்சு "ஏறு"ன்னு சொல்லுங்க, எப்பவும் அதே வார்த்தை தான். இங்க தான் எல்லாரும் சொதப்புற ஒரு இடம் இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி அவன் மூக்க நீட்டி விரல பிடிப்பான், அது கடி இல்ல, இந்த கிளை ஆடுமா ஆடாதான்னு டெஸ்ட் பண்றான். நாம கடிக்க வர்றான்னு நெனச்சு வெடுக்குன்னு கைய இழுப்போம், அவனுக்கு ரெண்டு பாடம், ஒண்ணு இந்த விரல நம்ப முடியாது, ரெண்டாவது மூக்க நீட்டுனா கை ஓடிடும். அடுத்த தடவ நெசமாவே கடிப்பான்.

கடிய பத்தி பேசுறதுன்னா கொண்டைய பத்தி பேசணும். கொண்டை பின்னாடி ஒட்டி படிஞ்சு, வாய தெறந்து பாம்பு மாதிரி 'ஸ்ஸ்'னு சீறுனா கைய எடுத்துடுங்க, வீரம் காட்டாதீங்க. நட்டுக்கிட்டு நிமிந்து நின்னா எதையோ பாத்து மெரண்டிருக்கான். பாதி சாஞ்சு சும்மா இருந்தா நல்ல மூட்ல இருக்கான், அப்ப போங்க. கடிச்சிட்டான்னா கத்தாதீங்க, கைய ஒதறாதீங்க, மூக்க சுண்டவே சுண்டாதீங்க. பக்கத்துல இருக்க குச்சி மேலயோ சேர் மேலயோ பேசாம இறக்கி விட்டுட்டு ஒரு நிமிஷம் வேற பக்கம் பாருங்க. எங்க தம்பி ஒவ்வொரு கடிக்கும் "ஆஆஆ"ன்னு குதிப்பான், ஜிலேபிக்கு அது ஒரு விளையாட்டாவே ஆயிடுச்சு, அவன பாத்தாலே தேடி போய் கடிப்பான்.

கத்தல் கதை வேற. ஆஸ்திரேலியால கூட்டமா திரியிற பறவை இது, கூட்டம் கண்ணுல படலன்னா "எங்க இருக்கீங்க"ன்னு கூப்பிடும், அது அதோட இயல்பு. நாம தான் இப்ப கூட்டம். நாங்க என்ன பண்ணோம்னா, அம்மா கிச்சன்ல இருந்து "டேய் சும்மா இரு"ன்னு கத்துவாங்க, அவன் கணக்குல அது பதில். அப்பா ரிட்டயர் ஆகி வீட்ல இருக்காரு, அஞ்சு மணி டிபன் டைம்ல கத்தல் தாங்காம தட்டுல இருந்து ஒரு காராபூந்திய எடுத்து நீட்டுவாரு. உப்பு, எண்ணெய் ரெண்டுமே பறவைக்கு ஆகாது, அது ஒரு பக்கம், "கத்துனா பூந்தி"ன்னு பாடமும் எடுத்தாச்சு!

மாத்துனது எப்படின்னா, கத்தும்போது யாரும் திரும்பிக்கூட பாக்குறதில்ல, அவன் மூச்சு வாங்க நிறுத்துன ரெண்டு செகண்ட்ல போய் தினை. அதோட ஒரு சின்ன விசில் பழக்குனோம், அவன் விசில் அடிச்சா வீட்ல எங்க இருந்தாலும் பதில் விசில் குடுக்கணும். ஒரு எச்சரிக்கை, கண்டுக்காம விட்ட முதல் மூணு நாள் முன்ன விட மோசமா கத்துனான், அது பெரும்பாலும் வரும், அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் மனசு எளகி பூந்தி குடுத்தா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். நாங்க ரெண்டு தடவ ஆரம்பிச்சோம், யாராலன்னு சொல்ல வேண்டியதில்ல.

ராத்திரி திடீர்னு கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்குவான், ரெக்கையில ரத்தம் கூட வரும். காக்டெயிலுக்கு இது ரொம்ப சகஜம், பல்லி ஓடுனா போதும், வெளியில பைக் லைட் அடிச்சா போதும். முழு இருட்டு வேணாம், சின்ன ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு விடுங்க, கூண்ட மூடுனாலும் ஒரு பக்கம் தெறந்து வைங்க. 10ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் சீரியல் ஓடுற ஹால்ல வச்சுட்டு பகல்ல சிடுசிடுன்னு இருக்கான்னு சொல்லக்கூடாது.

நல்லா பழகுன பறவை திடீர்னு முரடா மாறி சோஃபா அடியில, பீரோ சந்துல பூந்துக்கிட்டா அது முட்டை போடுற சீசன் புத்தி. இருட்டு சந்த எல்லாம் அடைங்க, கூண்டுல பானை இருந்தா எடுத்துடுங்க, முதுகு தடவுறத நிறுத்துங்க, தலைய மட்டும் கோதி விடலாம். பொட்டையா இருந்தா கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்பவும் கூண்டுல தொங்கணும், கால்சியம் இல்லன்னா முட்டை உள்ளயே மாட்டிக்கும், உயிர் போற விஷயம்.

இறக்கைய பிச்சுக்கறான்னா ட்ரெயினிங்லாம் அப்புறம், முதல்ல பறவை பாக்கத் தெரிஞ்ச டாக்டர். வெறும் விதை மட்டும் போட்டு வளத்தா வைட்டமின் ஏ குறைஞ்சு போகும், அதனால முருங்கைக்கீரை, துருவுன கேரட், கொத்தமல்லி தினமும் கொஞ்சம் பழக்குங்க. அவகாடோ, சாக்லேட், காபி ஆகவே ஆகாது. நான்ஸ்டிக் தவா வெறுமனே காஞ்சு புகைஞ்சா அந்த காத்துலயே பறவை செத்துடும், எங்க வீட்ல இரும்பு கல்லுக்கு மாறிட்டோம், கொசுவத்தியும் நிறுத்தியாச்சு.

வெளிய விடும்போது ஃபேன் ஓடக்கூடாது. "பாத்துக்கலாம்"னு சொல்ற விஷயமே இல்ல இது. எங்க வீட்ல ஜிலேபி வெளிய இருந்தா ஃபேன் ஸ்விட்ச் மேல ஒரு சிவப்பு டேப்ப ஒட்டிடுவோம், மே மாசத்துல கூட, அப்பா பனை விசிறி எடுத்துக்கிட்டு ஒக்காந்துடுவாரு, அவன் போய் அந்த விசிறி ஓரத்த கடிச்சுக்கிட்டு இருப்பான்.