கடலுக்குக் கீழே போன தேரிக்காடு

தேரிக்காட்டில் ட்ரோன் பறக்கவிட்டுச் செம்மணல் மேடுகளை அளந்தோம். திரையில் பார்த்தால் மணப்பாடு கரையே கடல் மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே! லேசர் ஸ்கேன் புள்ளிகளோ சரியான உயரத்தில். ட்ரோனின் ஜிபிஎஸ்தான் பழுது என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். பாவம், அது சரியாகத்தான் சொன்னது.

ஜிபிஎஸ் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமிக்கென வகுத்த, சற்றே தட்டையான கணிதக் கோளத்திலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே, ஈர்ப்பு குறைந்த இடத்தில், கடல்மட்டமே அந்தக் கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. நம் தென்கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான்.

முதலில் மொத்தமாக ஒரே எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ஓரம் பொருந்தியது, மறு ஓரம் பிசகியது. அப்புறம், எந்த இடத்தில் கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று சொல்லும் ஈஜிஎம்2008 என்ற கணித மாதிரியை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகத் திருத்தினேன். இரண்டு தரவும் ஒட்டிக்கொண்டன.